கியர்பாக்ஸைக் கேட்டீர்களா?

ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய சில மாதங்களில் பலரும் சொல்லத் தொடங்கும் குறை, "வண்டிக்குப் பிக்கப் பத்தலை" என்பது. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், ஏன், தமிழ்நாடு முழுக்கவே அதற்குக் கைவசம் ஒரு மருந்து இருக்கிறது: "ஒரு டர்போவை மாட்டிவிட்டால் பறக்கும்." குறையில் பொய்யில்லை, மருந்துதான் வேறு நோய்க்கானது. இந்த நம்பிக்கைக்கு வேர் எங்கே என்று தேடினால் சாலையிலேயே கிடைக்கிறது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744ஆம் எண் நெடுஞ்சாலை இந்த இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அதில் ஓடும் லாரியும் பஸ்ஸும் டர்போ டீசல். உடம்பில் 'டர்போ' என்று எழுதிக்கொண்டு போன லாரிகளைப் பார்த்தே வளர்ந்தது ஒரு தலைமுறை. டீசலுக்கும் டர்போவுக்கும் பொருத்தம் பத்துக்குப் பத்து என்பதும் உண்மை. டீசல் இன்ஜின் முதலில் வெறும் காற்றை மட்டும் உள்ளே இழுத்து அழுத்துகிறது. எண்ணெய் கடைசி நொடியில்தான் தெளிக்கப்படுகிறது. ஆகவே டர்போ காற்றை எவ்வளவு திணித்தாலும் முன்கூட்டியே பற்றிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905இல் காப்புரிமை பெற்ற இந்த டர்போ யோசனை முதலில் வேரூன்றியது கப்பல் டீசல்களில்தான்.

பெட்ரோல் இன்ஜின் கதை வேறு. சாதாரணக் கார்களில் காற்றும் பெட்ரோலும் கலந்தே உள்ளே போகின்றன, கலந்ததுதான் அழுத்தப்படுகிறது. அந்தக் கலவை அளவுக்கு மீறிச் சூடானால் பிளக் மூட்டிய தீ வந்து சேரும்வரை காத்திருக்காது. தானே வெடித்து பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். 38 டிகிரி வெயில் காற்றை டர்போ ஒன்றரை மடங்கு அழுத்தினால், அது வெளியே வரும்போது 90 டிகிரியை ஒட்டியிருக்கும். இன்டர்கூலர் வைத்துக் குறைக்கலாம். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குக் கீழே இறக்க அதனாலும் முடியாது. இதற்கு மேல்தான் இன்ஜின் தன் பங்குக்கு அழுத்தப் போகிறது. மாருதியின் இன்றைய 1.2 லிட்டர் டூயல்ஜெட் இன்ஜினில் அந்த அழுத்தம் பன்னிரண்டுக்கு ஒன்று. டர்போ இல்லை, ஆகவே இவ்வளவு அழுத்தலாம் என்று கணக்குப் போட்டு, மைலேஜுக்காக வைத்த விகிதம் அது. டர்போவோடு பிறக்கும் இன்ஜின்களில் பெரும்பாலும் இதைக் குறைத்தே வைப்பார்கள்.

"கம்பெனிக்காரனுக்குப் பயம்" என்பவர்கள், பயப்படாத ஒரு கம்பெனிக்கு நேர்ந்ததையும் தெரிந்துகொள்ளலாம். 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் 'ஜெட்ஃபயர்' என்ற காரை இறக்கியது; பெட்ரோல் இன்ஜினில் டர்போ வைத்து வந்த முதல் கார்களில் ஒன்று. பத்தேகாலுக்கு ஒன்று என்ற உயர்ந்த விகிதத்தைக் குறைக்காமலே டர்போவை வைத்தார்கள். நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்ச வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். இரண்டே வருடத்தில் அந்த மாடலே நின்றது. பிறகு பல வண்டிகளில் கம்பெனியே டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது.

இன்ஜினைக்கூட ஒரு பேச்சுக்கு விட்டுவிடலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் நிஜமான சிக்கல் கியர்பாக்ஸில்தான். ஏஎம்டி என்று விற்பது பெரிய மந்திரமல்ல. மேனுவல் வண்டியின் அதே கிளட்ச், அதே கியர், காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரக் கை. அந்தக் கிளட்ச் பிளேட் தாங்கும் முறுக்குவிசைக்கு ஓர் அளவு உண்டு. சிவிடி என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்கில் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஓடும் இரும்புப் பெல்ட்டை எண்ணெய் அழுத்தம் பிடித்திருக்கிறது. எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும் கணக்கை வைத்து கியர்பாக்ஸ் முடிவு செய்கிறது. வெளியே வாங்கி மாட்டிய டர்போவை அந்தக் கம்ப்யூட்டருக்கு யார் அறிமுகம் செய்வது? அது 113 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று சொல்லும்போது இன்ஜின் 150 கொடுத்தால் பெல்ட் வழுக்கும், சக்கரத்தில் கீறல் விழும், எண்ணெயில் இரும்புத் தூள் மிதக்கும். இராஜபாளையத்து மில்லில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ரிங் பிரேமில் மற்ற எதையும் மாற்றாமல் ஸ்பிண்டில் வேகத்தை மட்டும் கூட்டினால் டிராவலர் சூடேறும், நூல் அறும்.

சரி, தாங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கேட்டது கிடைத்ததா? இராஜபாளையம் தாண்டிச் சிவகிரி போகும் வழியில், பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் நாற்பதில் போகும் ஓர் ஏஎம்டி காரை நினைத்துப் பாருங்கள். எதிரே இடைவெளி தெரிகிறது, ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். கிளட்ச் விலகுகிறது, கியர் நாலிலிருந்து மூன்றுக்கு இறங்குகிறது, கிளட்ச் மறுபடி சேர்கிறது. அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கி வைக்கிறது. டர்போவைச் சுழற்றுவதோ இன்ஜின் வெளிவிடும் புகை. புகை குறைந்தால் அதன் சுழற்சியும் தளரும். நீங்கள் குறைப்பட்டது இந்தத் தயக்கத்தைப் பற்றி. டர்போ அதன் தலையில் தன் தயக்கத்தையும் ஏற்றிவைக்கிறது.

"கம்பெனியே டர்போ ஆட்டோமேட்டிக் விற்கிறதே?" என்பது வலுவான கேள்வி. விற்கிறது, எப்படி என்று பாருங்கள். 2023இல் வந்த மாருதி ஃபிராங்ஸில் 1.2 லிட்டருக்கு, அதாவது 113 நியூட்டன் மீட்டருக்கு, ஏஎம்டி கொடுத்தார்கள். அதே காரில் 148 நியூட்டன் மீட்டர் தரும் ஒரு லிட்டர் டர்போவுக்கு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். ஹூண்டாய் ஐ20 2020இல் வந்தபோதும் 1.2க்கு சிவிடி வகை, டர்போவுக்கு ஏழு கியர் இரட்டைக் கிளட்ச். இன்ஜின் மாறியபோது கியர்பாக்ஸையும் மாற்றியிருக்கிறார்கள். "கொஞ்சமாகத்தான் பூஸ்ட் வைப்போம்" என்ற சமாதானமும் நிற்காது. 0.3 பார் என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் அது ஏறக்குறைய முப்பது சதவீதம் கூடுதல் காற்று. மாருதி கியர்பாக்ஸை மாற்றியதும் ஏறக்குறைய அந்த வித்தியாசத்துக்குத்தான். கோயம்புத்தூரில் இன்ஜினைப் பிரித்துக் கட்டுகிற வித்தைக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கும் ஊர் அது. ஆனால் பந்தயக் காரை ஓட்டிவிட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட அதை எடுப்பதில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிஎன்ஜி மட்டும் மாட்டலாமா என்றால், அந்தக் கிட் சோதித்து அங்கீகரிக்கப்பட்டது, ஆர்சி புத்தகத்திலும் ஏறுகிறது. விபத்து நடந்து நஷ்டஈடு கேட்கும் நாளில், சொல்லாமல் மாட்டிய டர்போ இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நல்ல சாக்கு.

பிக்கப் குறைக்குச் செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், காற்றிறங்கிய டயர், மாற்றாமல் விட்ட கியர் ஆயில் இவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஏஎம்டியில் லாரியை முந்த வெளியே வருமுன்பே லீவரை 'எம்' பக்கம் தள்ளி மூன்றாம் கியருக்கு இறக்கிக்கொண்டால், அந்தத் தயக்கம் லாரிக்குப் பின்னாலேயே முடிந்துவிடும். அப்படியும் பத்தவில்லையென்றால் விற்றுவிட்டு, பிறப்பிலேயே டர்போ உள்ள வண்டியை வாங்கலாம். பழையதை வாங்க வருகிறவர் பானட்டைத் திறக்கும்போது அங்கே கம்பெனி வைத்தது மட்டும் இருந்தால், பேரம் பேசவும் கொஞ்சம் தெம்பு இருக்கும்.