"அந்த அறுபதாயிரம் என்னத்துக்குப் புள்ள?"

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிக்கோயா பக்கம் ஒரு லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து நாங்கள் ஐந்து பேர் ஒரு குவட்டேஷனை வாசித்துக்கொண்டிருந்தோம். எங்கள் குழுத் தோழி ஒருத்திக்குக் கல்யாணம். வெடிங் பிளானர் வட்ஸ்அப்பில் அனுப்பியது அது. மேடை அலங்காரம், வாசல் பூ, லைட், சவுண்ட், போட்டோ, வீடியோ, ட்ரோன், கேக், மணமக்கள் நடந்து வரும்போது புகை, கடைசி வரியில் 'கோர்டினேஷன்' 60,000. மொத்தம் 480,000 ரூபா. சாப்பாடு, சேலை, நகை, மண்டப வாடகை எதுவும் இதில் சேராது என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

தோழியின் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த அறுபதாயிரம் என்னத்துக்குப் புள்ள?"

"எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்கம்மா."

"அதுக்குத்தான் நாங்க எல்லாம் இருக்கோமே."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. அப்புறம் பல வாரம் இதைப் பற்றியே பேசினோம், சண்டையும் போட்டோம். அதில் வந்த முடிவைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. தோட்டத்து நாள் சம்பளத்தின் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். 2021 மார்ச்சில் 1,000 ரூபா, 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350. 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வருகைக்கு 200 சேர்த்து, 1,750 தருவோம் என்றது. அன்றைக்கு அந்த அம்மா வாங்கிக்கொண்டிருந்தது 1,350தான். 480,000ஐ அதால் வகுத்துப் பார்த்தோம். 355 நாள். மாதம் இருபது நாள் பேர் விழுந்தால் ஏறக்குறைய ஒன்றரை வருடச் சம்பளம். அதுவும் ஈ.பி.எப். பிடிக்காமல், அரிசி மாவு வாங்காமல், யாருக்கும் காய்ச்சல் வராமல் இருந்தால்!

இதைவிட நெஞ்சில் குத்தும் கணக்கு இன்னொன்று இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, மாதச் சம்பளம் இல்லாத தொழிலாளி ஓய்வு பெறும்போது ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்கும். 1,350 என்று வைத்தால் வருடத்துக்கு 18,900 ரூபா. அந்தக் குவட்டேஷனைக் கட்ட எத்தனை வருடச் சேவை வேண்டும்? இருபத்தைந்து வருடத்துக்கும் மேலே. கூடையை முதுகில் போட்டு ஏறி இறங்கிய இருபத்தைந்து வருடம், ஒரு சாயந்தர மேடைக்கும் புகைக்கும் சரியாகப் போய்விடுகிறது.

இது சும்மா ஒப்பிட்டுச் சொல்வதற்காக எடுத்த கணக்கு இல்லை. நம் வீடுகளில் உண்மையிலேயே அந்தப் பணம்தான் போகிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஈ.பி.எப். பணத்தை எடுக்கலாம். மூத்த மகளுக்கு வரன் பார்க்கும் வயதும் அதுதான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையில் ஒரு பெரிய தொகை வருகிற வருடமும், வீட்டில் கல்யாணம் வருகிற வருடமும் ஒன்றாக இருக்கிறது. அதனால் யாரும் இதைத் தனியாக முடிவு செய்வதே இல்லை, தானாகவே நடந்துவிடுகிறது. அது போதாவிட்டால் சீட்டு, அதுவும் போதாவிட்டால் வாரக் கடன். கல்யாண வீடியோ கைக்கு வருவதற்கு முன்னாலேயே கடன் அறவிட வருகிற பைக் லயத்து வாசலில் நிற்கிறது.

அப்படியென்றால் வெடிங் பிளானர்தான் குற்றவாளியா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எங்கள் சண்டையே இங்கேதான் ஆரம்பித்தது.

பிளானர்கள் பொதுவாக மூன்று விதமாகக் காசு வாங்குகிறார்கள். ஒன்று, வேலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. இரண்டு, மொத்தச் செலவில் இத்தனை வீதம். மூன்று, எல்லாம் சேர்ந்த பெக்கேஜ். முதலாவதில் நீங்கள் செலவைக் குறைத்தாலும் அவருக்கு நட்டமில்லை. இரண்டாவதில் நீங்கள் எவ்வளவு கூடச் செலவழிக்கிறீர்களோ அவ்வளவு அவருக்கு லாபம். செலவைக் குறைக்கச் சொல்லி அவரிடமே ஆலோசனை கேட்பதில் அர்த்தமில்லை. பெக்கேஜில் எது என்ன விலை என்றே தெரியாது. பூக்காரர், போட்டோக்காரர், சவுண்ட்காரர் பிளானருக்குக் கமிஷன் கொடுப்பதும் இந்தத் தொழிலில் உலகம் முழுக்க இருக்கிற பழக்கம். அந்தக் கமிஷனும் நம் பில்லுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

நுவரெலியாவில் இன்னொரு சிக்கல். பழைய துரைமார் பங்களாக்களில் கொழும்புக்காரர்களும் வெளிநாட்டவர்களும் வந்து கல்யாணம் செய்கிறார்கள். அவர்களுக்குத் தேயிலை மலை ஒரு பின்னணி. அந்தப் படங்கள்தான் டிக்டொக்கில் நமக்கு வருகின்றன. அதே மலையில் கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளை அந்தப் படத்தைக் காட்டி "இந்த மாதிரி வேணும்" என்கிறது. ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் அந்தப் படம் யாருடைய சம்பளத்துக்கு அளவெடுத்துத் தைத்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கணும்.

இப்போது அந்த அறுபதாயிரத்துக்கு வருவோம். "நாங்க எல்லாம் இருக்கோமே" என்று அம்மா சொன்னது உண்மைதான். லயத்தில் கல்யாணம் என்றால் பத்து காம்பராவும் கல்யாண வீடு. பந்தல் போட ஒரு கூட்டம், விறகு வெட்ட ஒரு கூட்டம், விடிய விடிய வெங்காயம் உரிக்க ஒரு கூட்டம். காசில்லாமல் நடந்த அந்த ஒத்தாசை நம் சமூகத்தின் பெரிய பலம். அதைப் பணம் கொடுத்து வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று எங்களில் சிலர் வருத்தப்பட்டார்கள்.

எங்களில் மற்றச் சிலர் கேட்டார்கள்: அந்த ஒத்தாசையில் வெங்காயம் உரித்தது யார்? மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள். கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோறு சாப்பிட்டது யார்? அதே பெண்கள். தப்படிக்க இன்னார், துணி வெளுக்க இன்னார், சமையல் பக்கம் வரக்கூடாதவர் இன்னார் என்று சாதி பார்த்துப் பிரித்ததும் அதே லயம்தான். எல்லாரும் கூடிச் செய்தோம் என்று சொல்லும்போது இதை மறைக்கக் கூடாது. அதோடு இன்றைக்கு லயத்தில் ஆளும் இல்லை. பாதிப் பேர் கொழும்புக் கடைகளில், மீதிப் பேரில் பலர் மத்திய கிழக்கில். பந்தல் போட யாரைக் கூப்பிடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இந்தத் தொழிலைச் செய்கிறவர்களில் பலர் நம் பிள்ளைகள். ஏ.எல். முடித்து, கொழும்பு ஹோட்டல்களில் வேலை பழகி, ஊருக்குத் திரும்பி வந்தவர்கள். மழையில் லொறி மேலே ஏறாவிட்டால் பூவைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறவர்கள். தேயிலையைத் தவிர வேறு வேலை வேணும் என்று எழுதுகிற நாம், அந்த வேலையைச் செய்கிறவரிடம் "உனக்கு எதுக்குக் காசு?" என்று கேட்க முடியாது. உண்மையைச் சொன்னால், அந்தக் குவட்டேஷனில் ஒரு மனுஷரின் உழைப்புக்கென்று நேரடியாகப் போட்டிருந்த ஒரே வரி அந்த 60,000தான். அதைத்தான் நாங்கள் முதலில் வெட்டப் பார்த்தோம்! மேடையையும் புகையையும் ட்ரோனையும் யாரும் தொடவில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். பிளானரின் கூலி பெரிய பிரச்சினை இல்லை. அந்தக் கூலியோடு ஒட்டிக்கொண்டு வருகிற நான்கு இலட்சமும், அது யாருடைய பணம் என்பதும்தான் பிரச்சினை.

கல்யாணம் செய்யப்போகிற தம்பி தங்கச்சிகளிடம் நாங்கள் கேட்பது நாலு விஷயம். அம்மா அப்பாவின் ஈ.பி.எப்.பையும் பணிக்கொடையையும் கல்யாணக் கணக்கில் எழுதவே எழுதாதீர்கள். அது அவர்களின் மருந்துக் காசு, அவர்களின் கூரை. மேடை உங்கள் ஆசை என்றால் உங்கள் சம்பளத்தில் போடுங்கள். பிளானரைப் பார்க்கப் போகும் முன் தொகையை நீங்களே முடிவு செய்யுங்கள். அவரைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் அது அவருடைய தொகை. பெக்கேஜ் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேளுங்கள், அட்வான்ஸ் கொடுத்தால் எழுத்தில் வாங்குங்கள், நாள் தள்ளிப்போனால் அது என்ன ஆகும் என்பதையும் சேர்த்து.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்பதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறோம். 2020, 2021 கொரோனாக் காலத்தில் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வரலாம் என்று அரசாங்கமே வரம்பு போட்டது. பதிவாளர், ஐயர், இரண்டு வீட்டார் என்று முடிந்த கல்யாணங்கள் நம் தோட்டங்களிலும் உண்டு. அந்தத் தம்பதிகள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ட்ரோன் பறக்கவில்லையே என்று எந்த நாலு பேரும் கேட்டதாக நாங்கள் அறியோம்.

நம் தோழியின் கல்யாணம் என்ன ஆனது? ட்ரோன், புகை, வாசல் பூ எல்லாம் போனது. காலையில் தோட்டத்துக் கோயிலில் தாலி, மத்தியானம் சாப்பாடு. பிளானரிடம் அந்த ஒரு நாளைப் பார்த்துக்கொள்ள மட்டும் கேட்டாள்; 35,000க்கு ஒத்துக்கொண்டார். சித்தி ஒருவர் மட்டும் இன்னமும் "மேடை இல்லாத கல்யாணம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

அன்றைக்குப் பிளானரும் அவருடைய இரண்டு பையன்களும் ஓடியாடி வேலை செய்தார்கள். பந்தி பார்ப்பது, தண்ணி வைப்பது, வேன்காரருக்கு வழி சொல்வது எல்லாம் அவர்கள். அம்மா பட்டுச்சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பந்தியிலேயே சாப்பிட்டார். தன் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில் முதல் பந்தியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று அவரே சொன்னார். அவருடைய கேள்விக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய பதில் அதுதான்.