உரிமைப் பணமும் உதவிப் பணமும்

பிரஸ் இயந்திரத்தில் கட்டைவிரலைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு முதலில் கிடைப்பது என்ன? நிர்வாகத்தின் யோசனை! "வேலையில் அடிபட்டதாகச் சொல்லாதே. ஈ.எஸ்.ஐ.யில் உடம்பு சரியில்லை என்று லீவு எடுத்துக்கொள். பிறகு கலெக்டர் ஆபீசில் ஊனமுற்றோர் பென்ஷனுக்கு மனுப் போடலாம்" என்று பரிவோடு சொல்கிறார்கள். அந்தப் பரிவின் விலையை நம் தோழர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்குத் தருவது வேறு. வேலையில் நேர்ந்த விபத்துக்குத் தருவது வேறு. நோய் என்றால் கூலியில் நூற்றுக்கு 70. ஆண்டுக்கு 91 நாட்களோடு சரி. அதற்கும் முன்னதாக 78 நாள் சந்தா இருக்க வேண்டும். விபத்து என்றால் நூற்றுக்கு 90, காயம் ஆறும்வரை. நேற்றுச் சேர்ந்தவனுக்கும் உண்டு.

காயம் ஆறிய பின் மருத்துவக் குழு உட்கார்ந்து, சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு போயிற்று என்று அளக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் அட்டவணைப்படி 30 விழுக்காடு. நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 90 என்றால் 450. அதில் 30 விழுக்காடு 135. நாளொன்றுக்கு 135 ரூபாய், ஆயுள் உள்ளவரை! மறுபடி வேலைக்குப் போனாலும் அது நிற்காது. விபத்தை நோயென்று எழுதினால் போவது இந்தப் பணம்தான்.

கலெக்டர் ஆபீஸ் பென்ஷனோ 2009-இல் மத்திய அரசு கொண்டுவந்தது. குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஊனம் 80 விழுக்காடு இருக்க வேண்டும். மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். மாநில அரசு அதற்குமேல் சேர்த்துத் தருகிறது. அதை நாம் குறை கூறவில்லை. பிறவியிலேயே கை கால் முடங்கியவருக்கு அது வேண்டும். போதவில்லை என்பதே நம் வருத்தம். ஆனால் ஆலையில் விரலிழந்தவனை அந்த வரிசையில் நிறுத்துவானேன்? அங்கே அளப்பது உடலையும் வறுமையையும்; இழந்த கூலியை அல்ல.

ஈ.எஸ்.ஐ. வராத பட்டறையிலும், மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குவோர்க்கும் முதலாளியே நஷ்ட ஈடு தர வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இந்தக் கடமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் நீடிக்கிறது. இது மொத்தப் பணம். முழு நிரந்தர ஊனத்துக்கு மாதக் கூலியில் 60 விழுக்காட்டை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கித் தருவார்கள். இரண்டாண்டுக்குள் கேட்க வேண்டும். 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று கைநாட்டு வாங்கி வைத்திருந்தாலும் அந்தக் காகிதம் செல்லாது. ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவர் இதையும் சேர்த்துக் கேட்க முடியாது.

ஆகவே கிளைத் தோழர்களுக்குச் சொல்கிறோம். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பாதீர்கள். அன்றைக்கே விபத்துப் புத்தகத்தில் நேரமும் இயந்திரமும் சாட்சியும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வேலையில் விபத்து' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையேல் எழுதச் சொல்லிவிட்டு அங்கிருந்து கிளம்புங்கள்.