முதல் தூணுக்கு முன்னே

"காற்றாலைக்குப் புகை இல்லை, ஆகவே அதனால் கேடும் இல்லை" என்று வாதிடுவோர் பெருகி வருகின்றனர். முதற்பகுதி உண்மை. இரண்டாம் பகுதியை எங்கிருந்து பெற்றார்கள்?

கடலில் காற்றாலை நிறுவ நிதியுதவி தரும் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழகக் கடலில் 500 மெகாவாட் என்பது கணக்கு. இங்கே நோக்கப்படுவது மன்னார் வளைகுடாப் பகுதி. 21 தீவுகளைச் சூழ்ந்து 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருப்பதும், ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் கடற்பசு வாழ்வதும் இவ்வளைகுடாவில்தான். கோபுரம் எதுவும் இன்னும் எழவில்லை. அதனாலேயே இப்போது எழுதுகிறேன்.

"கட்டி முடித்தபின் கண்காணிப்போம்" என்பது அடுத்த வாதம். இதைவிடப் பெரிய ஏமாற்று வேறில்லை. டென்மார்க் நாட்டின் நிஸ்டெட் கடற்பகுதியில் 2003இல் 72 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. கட்டுமானத்திற்கு முன்பே அங்கே நீருக்கடியில் ஒலிபதி கருவிகளை இறக்கி, ஓங்கிலை ஒத்த கடற்பன்றிகள் எழுப்பும் நுண்ணொலிகளை எண்ணி வைத்தார்கள். பின்னர் அவ்வொலி, முன்னிருந்ததில் 11 விழுக்காடாகச் சுருங்கியது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றும் 29 விழுக்காட்டிற்கே மீண்டது. முதற்கணக்கு இல்லாதிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? 'காற்றாலை வந்தபின் இரண்டரை மடங்கு பெருக்கம்' என்று விழா எடுத்திருப்பார்கள்!

நெதர்லாந்தின் எக்மண்ட் கடற்பகுதியிலோ ஆலைகளுக்கு வெளியே கேட்டதைவிட உள்ளேதான் கடற்பன்றிகளின் ஒலி மிகுதியாகக் கேட்டது. இதையும் மறைப்பதற்கில்லை. காற்றாலையே வேண்டாம் என்பதன்று என் கட்சி. ஒரு கடலின் விடை மற்றொரு கடலுக்குப் பொருந்தாதபோது, நம் கடலின் விடையை ஐரோப்பிய அறிக்கையிலிருந்து படியெடுக்க முடியாது என்பதே.

இரும்புத் தூணைக் கடல்தரையில் அறைந்து இறக்கும் ஓசை சிறிதன்று. காற்றில் செல்வதைவிட நான்கு மடங்கிற்கும் மேலான விரைவில் நீரில் ஒலி பாயும். ஜெர்மனி, அறையும் இடத்திலிருந்து 750 மீட்டரில் 160 டெசிபெல் என வரம்பிட்டு, தூணைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை எழுப்ப வைத்தது. அளந்தவர்களுக்கே வரம்பிட முடிந்தது.

2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரையோரம் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியது நினைவிருக்கும். மீனவர் தள்ளி விட்டும் சில மீண்டும் கரைக்கே வந்தன. காரணம் பலவாறு பேசப்பட்டது. நாளை கோபுரங்கள் எழுந்தபின் அதுபோல் நேர்ந்தால், ஒருவர் ஆலையைப் பழிப்பார், மற்றவர் "2016இல் ஆலையா இருந்தது?" என்பார். முன்கணக்கு இல்லாமல் இருவரில் எவரையும் மறுக்க இயலாது.

எனவே இரு பருவக்காற்றுகளையும் இருமுறையேனும் உள்ளடக்கிய முன்கணக்கு வேண்டும். கட்டுபவரிடம் கூலி பெறாதவர் அதை எடுக்க வேண்டும்; கடலறிந்த மீனவரும் உடனிருக்க வேண்டும்; முடிவுகள் தமிழில் வெளிவர வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு அழைப்பு வரும் நாளில், நம் கடலோரப் பங்கு மக்கள் அந்த ஏட்டைக் காட்டச் சொல்லட்டும். இழப்பீட்டுப் பேச்சை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.