மாதாவின் பாதத்தில் வைத்த மாத்திரை



பெப்ரவரித் திங்களில் மூன்று நாட்கள் அண்டை வீடுகளைப்போல் அடுத்தடுத்து நிற்கின்றன. 4ஆம் நாள் உலகப் புற்றுநோய் நாள். 5ஆம் நாள் கன்னியும் வேதசாட்சியுமான புனித ஆகத்தாவின் திருநாள். 11ஆம் நாள் லூர்து அன்னையின் திருநாள். 1993 முதல் அதுவே உலக நோயாளர் நாளாகவும் திருச்சபை எங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. சிசிலித் தீவின் கத்தானியா நகரில், மூன்றாம் நூற்றாண்டின் வேதகலகத்தில் உயிர்நீத்த ஆகத்தாவின் மார்பைக் கொடியோர் அறுத்தனர் என்பது மரபு. ஆதலால் மார்பில் நோயுற்ற பெண்கள் அவளைத் தங்கள் பாதுகாவலியாகக் கொள்வது தொன்றுதொட்ட வழக்கம்.

இம்மூன்று நாட்களையும் ஒருசேர நினைக்கச் செய்த நிகழ்ச்சி ஒன்று நம் மீஞ்சூர்ப் பங்கில் நடந்தது. அதில் என் தவறும் உண்டு. அச்சகோதரியின் இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன்; பெயர் வேண்டுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்று நலமடைந்தவர் அவர். மறையுரையில் நான் அவருடைய விசுவாசத்தைப் புகழ்ந்து பேசினேன். பூசை முடிந்தபின் அவர் என்னிடம் வந்து, "சாமி, இனி எனக்கு மாத்திரை வேண்டாம். வேளாங்கண்ணி மாதா பாதத்திலே வச்சிட்டு வந்துட்டேன். குணமான பிறகும் மாத்திரை போட்டா, மாதாவை நம்பலேன்னு ஆயிடாதா?" என்றார். எந்த மாத்திரை, எதற்கு, எவ்வளவு காலத்திற்கு என்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நல்லது அம்மா" என்று சொல்லி, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவிட்டேன்.

சில வாரங்களுக்குப் பின் எனக்கு அறிமுகமான மருத்துவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. "சாமி, அது நோய் இருக்கும்போது மட்டும் தின்னும் மாத்திரை அன்று, நோய் திரும்பி வராமல் இருக்கத் தின்னும் மாத்திரை. ஐந்து ஆண்டுகள் விடாமல் தின்ன வேண்டியதை அந்த அம்மா பாதியில் விட்டிருக்கிறார்" என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்றேன். உடலின் இயல்பைப் பற்றிப் பயின்றது சொற்பம். அந்த மருத்துவரிடமே கேட்டும், அவர் தந்த நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1896ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகரின் மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். மார்பகப் புற்று முற்றிய நிலையில் வந்த ஒரு பெண்ணின் சினைப்பைகளை அவர் அகற்றினார். மார்பிலிருந்த கட்டி சுருங்கியது! எங்கோ அடிவயிற்றில் இருக்கும் உறுப்புக்கும் மார்பிலுள்ள கட்டிக்கும் என்ன தொடர்பு என்பது அன்று எவருக்கும் விளங்கவில்லை. இந்த அறுவை எல்லாருக்கும் பயன்படவும் இல்லை. மூவரில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது. மற்ற இருவரும் வீணே துன்புற்றனர். அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தது.

சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர், அதாவது ஹார்மோன், இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கிறது. ஆயினும் கருப்பையும் மார்பகமும் போன்ற சில உறுப்புகளே அதற்குச் செவிசாய்க்கின்றன. நம் கோயிலில் மாலையில் மூவேளைச் செபத்திற்கு மணி அடிக்கும்போது அதன் ஓசை கடைத்தெருவிலும் கேட்கிறது, புகைவண்டி நிலையத்திலும் கேட்கிறது. ஆனால் சில வீடுகளில்தான் கைவேலையை நிறுத்திச் சிலுவை அடையாளம் வரைகிறார்கள். ஓசை எல்லாருக்கும் பொது. அதை ஏற்கும் உள்ளம் சிலருக்கே உண்டு. உடலிலும் அப்படி ஏற்கும் பொருள் ஏதேனும் உண்டா?

உண்டு என்று காட்டியவர் எல்வுட் ஜென்சன் என்னும் வேதியியல் அறிஞர். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், கதிரியக்கம் உடைய ஹைட்ரஜனை ஈஸ்ட்ரோஜனோடு இணைத்தார். அது செல்லும் இடமெல்லாம் அடையாளம் தெரியும் அல்லவா? அதை மிகச் சிறிய அளவில் இளம் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். மற்ற உறுப்புகள் அதனை விரைவில் வெளியேவிட்டன. கருப்பையோ நெடுநேரம் பிடித்துவைத்துக்கொண்டது. அங்கே அதனைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று இருந்ததே காரணம். அதற்கு 'ஏற்பி' என்று பெயர். 1958இல் வியன்னா மாநாட்டில் அவர் இதனை எடுத்துரைத்தபோது கேட்க வந்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. மார்பகப் புற்றுக்கட்டிகளிலும் இந்த ஏற்பி சிலவற்றில் மிகுதியாக இருக்கிறது, சிலவற்றில் இல்லை என்பதையும், ஏற்பி உள்ள கட்டிகளே ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சைக்குப் பணிகின்றன என்பதையும் பின்னர் அவர் காட்டினார். பீட்சன் காலத்துப் புதிருக்கு விடை கிடைத்தது. வேண்டாத அறுவையிலிருந்து எண்ணற்ற பெண்கள் தப்பினர். 2012இல் தம் 92ஆம் வயதில் ஜென்சன் காலமானார்.

மாத்திரையின் வரலாறும் சுவையானதே. 1962இல் இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் பெண் விஞ்ஞானி ஒரு பொருளை உருவாக்கினார். கருத்தடை மருந்தாகப் பயன்படும் என்று எண்ணினார்கள். பெண்களிடம் அதுவோ நேர்மாறாக வேலை செய்தது! மூலையில் போடவேண்டிய அப்பொருளைப் புற்றுநோய்க்கு மருந்தாக்க ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் கிரேக் ஜோர்டன். எழுபதுகளில் தொடங்கி 2024இல் இறக்கும்வரை அவர் இந்த ஆராய்ச்சியை விடவில்லை. கட்டுவோர் வேண்டாமென்று தள்ளிய கல் மூலைக்கல்லான கதை நமக்குப் புதிதன்று. டாமாக்சிஃபென் என்பது அதன் பெயர். நம் சகோதரி மாதாவின் பாதத்தில் வைத்துவந்ததும் அதுவே.

அது வேலை செய்யும் விதத்தை நம் ஊரார் எளிதில் புரிந்துகொள்வார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் காலை வண்டியில் முன்னதாக ஏறியவர் சன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார். பின்னால் வருபவர் அமர இடமின்றி நிற்கிறார். டாமாக்சிஃபென் செய்வதும் இதுவே. மார்பகத்தின் உயிரணுக்களில் ஏற்பியின் இருக்கையில் அது முந்தி அமர்ந்துகொள்கிறது. பின்னால் வரும் ஈஸ்ட்ரோஜன் அமர இடமின்றித் திரும்புகிறது. புற்று அணுவுக்கு வளரும்படி கட்டளை கிடைப்பதில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஒருநாள் வந்து ஓய்வதன்று, நாள்தோறும் வருவது. ஆகவே துண்டும் நாள்தோறும் போடவேண்டும். அறுவையில் கட்டி போயிற்று. கண்ணுக்குத் தெரியாத அணு ஒன்று எங்கேனும் உறங்கிக்கொண்டிருந்தால், அது விழிக்காதபடி காவல் இருப்பதே மாத்திரையின் பணி. உடல் நலமாக இருக்கிறது என்பது காவலை நீக்கக் காரணமாகாது.

20 ஆய்வுகளில் பங்குகொண்ட 21,457 பெண்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2011இல் அறிஞர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். ஏற்பி உள்ள மார்பகப் புற்றுக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இம்மாத்திரையை உட்கொண்டவர்களிடையே, முதல் 15 ஆண்டுகளில் அந்நோயால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரையை முடித்த பின்னும் அதன் பாதுகாப்பு தொடர்ந்தது. ஏற்பி இல்லாதவர்களுக்கோ அதனால் பயன் இல்லை. அவர்களுக்கு வேறு சிகிச்சைகள் உள்ளன. மாதவிலக்கு நின்றவர்களுக்கு வேறு வகை மாத்திரைகளும் தரப்படுகின்றன. அடுத்த வீட்டார் தின்பதை நாம் தின்பதும், அவர் நிறுத்தியதால் நாம் நிறுத்துவதும் தகாது.

இம்மாத்திரையால் தொல்லையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உடல் திடீரென்று அனல்போல் காய்வதும் வியர்ப்பதும் பலருக்கு உண்டு. அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறைதலும் கருப்பையில் நோயும் தோன்றலாம். கால் வீங்கினாலும், மூச்சு திணறினாலும், மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். கருவுற்றிருக்கும்போது இதனை உட்கொள்ளலாகாது. நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். நாமும் வேண்டாம், பங்குச் சாமியாரும் வேண்டாம்!

நான் அச்சகோதரியின் இல்லத்திற்குச் சென்றேன். "அம்மா, அன்று நான் கேட்காமல் ஆசீர்வதித்தது தவறு" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ மாதா கோபிச்சுக்க மாட்டாங்களா சாமி?" என்று கேட்டார். சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மருத்துவரைப் படைத்தவரும், மண்ணிலிருந்து மருந்தைத் தோன்றச் செய்பவரும் ஆண்டவரே என்றும், அறிவுள்ளவன் அதனைப் புறக்கணிக்கமாட்டான் என்றும் அங்கே கூறப்பட்டுள்ளது. முதலில் செபிக்கவும், பின்னர் மருத்துவருக்கு இடம்தரவும் அதே அதிகாரம் கற்பிக்கிறது. இரண்டுக்கும் பகையில்லை. நேர்ந்துகொண்டதைக் காணிக்கையாகவோ ஏழைக்கு உதவியாகவோ செலுத்தலாம். கடவுள் தந்த மருந்தை அவரிடமே திருப்பிக் கொடுப்பது காணிக்கை ஆகாது. மறுவாரம் அவர் மருத்துவரிடம் சென்றார். மாத்திரை மீண்டும் தொடங்கியிருக்கிறது. இடையில் விட்ட மாதங்களால் தீங்கு உண்டா என்று என்னால் சொல்ல இயலாது. அந்தச் சுமையை அவரோடு நானும் சுமக்கிறேன்.

இன்னொரு சொல், தாய்மாருக்கு. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்தின் பின்னே மறைந்து வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். அவர் அவளை மறைந்தபடியே போகவிடவில்லை. முன்னே அழைத்து, மகளே என்று பேசினார். நம் பெண்களோ மார்பில் கட்டி தோன்றினால் கணவரிடமும் சொல்லக் கூசி மறைக்கிறார்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை, வலியில்லாமையே ஏமாற்றுகிறது. மும்பையில் 1998இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பாதியினருக்குப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் கையாலேயே மார்பைப் பரிசோதித்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் கணக்கிட்டபோது, 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் இல்லை. கூச்சத்தை வென்ற பெண்களும், பயின்ற கைகளும் போதுமானவையாக இருந்தன. நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயது கடந்த பெண்களுக்கு இப்பரிசோதனை செய்கிறார்கள்.

நம் சென்னைக்கும் இதில் பெருமைக்குரிய பங்கு உண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்தார். தங்கைக்காகச் சிந்திய கண்ணீரை ஆயிரமாயிரம் சகோதரிகளின் நலமாக்கிய இவர்களையும், ஆளில்லாத அவையில் பேசிய ஜென்சனையும் கடவுளின் கருவிகள் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே குடும்பத்தாரே, இத்திங்கள் உங்கள் இல்லத்தில் மாலைச் செபமாலை முடிந்ததும், மாத்திரை உண்ண வேண்டியவர் எவரேனும் இருந்தால், ஒரு குவளைத் தண்ணீரை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அறுவை முடிந்தவர்களுக்கு ஏற்பிச் சோதனையின் முடிவு என்னவென்று மருத்துவரிடம் கேட்டு, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நன்றித் திருப்பலி கேட்டு வருவோரிடம் இனி நான், "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்றும் கேட்பேன். தவறாக நினைக்கவேண்டாம்.

நோயாளரின் ஆரோக்கியமான அன்னை உங்கள் இல்லங்களைக் காப்பாராக.

உங்கள் பங்குத் தந்தை,
மீஞ்சூர்