உள்ளூர்ச் சரக்கை முதலில் யார் வாங்குவது?

1/ கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி: "டாக்டர், ஃபாரின் லென்ஸ்தானே வைப்பீங்க?"

கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் உள்ளூர்ச் சரக்கு என்றாலே மட்டம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

2/ கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் மங்கிப்போவதுதான் கண்புரை. 1949-லேயே லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைத்துக் காட்டிவிட்டார். ஆனால் 40 வருஷம் கழித்தும் நம்மூர் ஏழைப் பாட்டிகள் பலருக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தால் பேரப்பிள்ளை முகம்கூடத் தெளிவாகத் தெரியாது.

3/ காரணம், விலை. இறக்குமதி லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தானமாகவும் லென்ஸ் வந்தது. தானத்தை நம்பி எத்தனை பேருக்கு வைக்க முடியும்?

1992-ல் அவர்களே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். லென்ஸ் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னும் குறைந்தது. இன்று அந்த லென்ஸ் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. அங்கெல்லாம் அதுதான் "ஃபாரின் லென்ஸ்"!

4/ "லென்ஸைக் கண்டுபிடிச்சது வெள்ளைக்காரன்தானே, இதுல நம்ம சாதனை என்ன?" என்று கேட்கலாம். தேவைப்படுகிறவர் கைக்கு எட்டும் விலையில், தரம் குறையாமல், லட்சக்கணக்கில் செய்து கொடுப்பதும் கண்டுபிடிப்புதான். பாட்டிக்குப் பார்வை தந்தது அதுதானே?

5/ இதில் நாம் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு: முதல் வாடிக்கையாளர். புதுக் கம்பெனி லென்ஸை எந்த சர்ஜன் துணிந்து வைப்பார்? ஆரோலேபுக்கு அந்தத் தலைவலி இல்லை. சொந்த ஆஸ்பத்திரியே வாங்கியது. குறை இருந்தால் சர்ஜன் நேராகவே சொல்லலாம்.

6/ திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் இதய வால்வும் அப்படித்தான். முதல் மூன்று மாடல்கள் தேறவில்லை. நான்காவது மாடலை 1990-ல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அங்கும் என்ஜினியரும் சர்ஜனும் ஒரே நிறுவனத்தில் இருந்தார்கள்.

7/ இன்றைய இளைஞர்களுக்குக் கடன் கிடைக்கிறது, விருது கிடைக்கிறது, மேடையில் கைதட்டலும் கிடைக்கிறது. ஆர்டர்தான் கிடைப்பதில்லை. டெண்டரில் முன் அனுபவம் கேட்டால், முதல் அனுபவத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

என் யோசனை இது. சில அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளூர்க் கருவிகளை முறையான அனுமதியோடும் நோயாளியின் சம்மதத்தோடும் சோதிக்கட்டும். முடிவு நல்லதோ கெட்டதோ, வெளியிடட்டும். தேறினால் கட்டாயம் ஆர்டர். தேறாவிட்டால் தயவு தாட்சண்யமே வேண்டாம். உடம்புக்குள் வைக்கும் பொருளில் ஊர்ப்பாசம் பார்க்கக் கூடாது.

8/ நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். தரச் சான்று இருக்கிறதா, எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார்கள், ரிசல்ட் எப்படி என்று கேளுங்கள். ஃபாரின் சரக்கிடமும் இதையே கேளுங்கள். பதில் சரியாக இருந்தால், விலை குறைவு என்பதற்காகச் சந்தேகப்படாதீர்கள்.