ரயில்வே குமாஸ்தா வாங்கிய படப்பெட்டி

பொள்ளாச்சிப் பக்கம் சினிமாப் படப்பிடிப்பு என்றால் இன்று யாரும் வியப்பதில்லை. 1992-ஆம் ஆண்டில் வந்த ‘தேவர் மகன்’ இங்கேதான் படமாயிற்று. நம் தென்னந்தோப்புகளை எங்கெங்கோ இருப்பவர்களும் திரையில் பார்த்திருக்கிறார்கள். ஆனால், தமிழ்நாட்டின் ஊர்களுக்குச் சினிமாவை முதன்முதலில் சுமந்து போனவர் கொங்கு நாட்டுக்காரர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். திருச்சியில் ரயில்வே குமாஸ்தா. சம்பளம் மாதம் 25 ரூபாய்.

அதற்குள் சினிமா பிறந்து பத்து வருஷமாகி விட்டது. பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பணம் வாங்கிக் கொண்டு படம் காட்டினார்கள். அடுத்த ஜூலையிலேயே பம்பாயில் வாட்சன் ஹோட்டலில் காட்சி நடந்தது. டிக்கெட் ஒரு ரூபாய்! ஏழைக்கு அது எட்டாத பணம்.

1905-இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக் கொண்டே திருச்சிக்கு வந்தார். உடல் நலம் கெட்டது. ஊர் திரும்ப நினைத்துத் தம் இயந்திரத்தையும் படச் சுருள்களையும் விற்க முன்வந்தார். விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். குமாஸ்தாவுக்கு அது ஆறு ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல்! வயதோ 22. வின்சென்ட் துணிந்து வாங்கினார், வேலையையும் விட்டார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்களோ!

அவர் வாங்கிய படங்களில் ஏசுநாதர் சரித்திரமும் ஒன்று. கூடாரம் அடித்தார், காட்டினார், பிரித்தார், அடுத்த ஊருக்குப் போனார். அப்படியே பர்மா, மலேயா வரை போய் வந்தார். 1914-இல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அது இருந்த தெருவுக்கு வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர் நிலைத்தது. பின்னாளில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறிய அந்தக் கொட்டகை இப்போது இல்லை. தெருவின் பெயர் மட்டும் இருக்கிறது.

அவர் காட்டிய வழியில்தான் டூரிங் டாக்கீஸ்கள் கிராமந்தோறும் முளைத்தன. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தது, பெண்களுக்குத் தனி இடம் விட்டது எல்லாம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இயந்திரம் ஒன்றே ஒன்று. ஒரு சுருள் முடிந்ததும் அடுத்ததை மாட்ட வேண்டும். அதனால்தான் அத்தனை இடைவேளை! முறுக்குக்காரருக்குக் கொண்டாட்டம்.

நமக்கு வருத்தம் ஒன்றுதான். படம் எடுப்பதில் காட்டிய அக்கறையை அதைக் காப்பாற்றுவதில் நாம் காட்டவில்லை. தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூடக் கிடையாது. பழைய சுருள்களில் வெள்ளி கலந்திருந்தது. அதைப் பிரித்தெடுக்கப் பல படங்களை அழித்தார்கள். எளிதில் தீப்பற்றும் சுருள் என்பதால் எரிந்து போனவையும் உண்டு. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டதே 1964-இல்தான். அதற்குள் போனது போனதுதான்.

படம் போயிற்று. அதைப் பார்த்தவர்களின் ஞாபகமும் போய்விட வேண்டுமா? உங்கள் வீட்டுப் பரணில் பழைய சினிமா நோட்டீஸோ, பாட்டுப் புத்தகமோ, டிக்கெட் துண்டோ கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் கோவை அரசு அருங்காட்சியகத்தில் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். டூரிங் கொட்டகையில் இயந்திரம் ஓட்டிய பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால், பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவரிடம் அனுப்புங்கள். எந்த வருஷம், எந்தப் படம், டிக்கெட் எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். மீதியை அவரே சொல்வார்.