காய்ப்புழுவும் கம்பெனி விதையும்

பஞ்சாலைகளால் வளர்ந்த புதுவை நகருக்குப் பருத்திக் குடியானவரின் நஷ்டம் பிறர் விஷயமன்று. பி.டி. பருத்தியை இந்திய சர்க்கார் 2002-ல் அனுமதித்தபோது, காய்ப்புழுவின் உபத்திரவம் ஒழிந்ததென்றே பலர் நம்பினர். 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அவ்விதையின் விஷத்தை வென்றுவிட்டதென விதைக் கம்பெனியாகிய மான்ஸாண்டோவே ஒப்புக்கொண்டது. இரு விஷங்களுடன் 2006-ல் வந்த இரண்டாம் விதைக்கும் பத்தாண்டுக்குள் அதே கதி நேர்ந்தது.

காரணம் இரகசியமன்று. விஷத்துக்குச் சாகாத ஒன்றிரண்டு புழுக்களின் அந்துகள் தம்முள்ளேயே கூடினால் அந்த வர்க்கமே பெருகும். அருகில் சாதாரணப் பருத்தியில் வளர்ந்தவற்றோடு கூடினால் அவ்வன்மை மட்டுப்படும். இதற்கென 450 கிராம் விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் கொடுக்கப்பட்டது. பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. அவர்களைக் குறைகூறுவது எளிது. விளைச்சலில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடச் சொன்னவர்கள் அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய முன்வந்தார்களா?

அரிஸோனாவில் இம்முறை ஒழுங்காய்க் கைக்கொள்ளப்பட்டது. பின்னர் மலட்டு அந்துகளும் விடப்பட்டன. 2018-ல் அமெரிக்கப் பருத்தி வயல்களில் இப்புழு ஒழிந்ததாக அந்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது.

சாதாரணப் பயிரின் நஷ்டத்தை விதைக் கம்பெனிகள் ஏற்றாலன்றி, இனிப் புதுவிதை எதற்கும் அனுமதி கூடாதென வற்புறுத்துகிறோம். லாபம் கம்பெனிக்கு, புழு குடியானவனுக்கு என்பது சுயராஜ்யத்திற்கு அழகன்று.